ஊசுட்டேரி முதல் பாகூர் வரை... கழனி வழியே ஒரு நாள் படிப்பு

புதுச்சேரி என்றதும் வெளியூர்க்காரர்களுக்குக் கடற்கரைச் சாலையும் பிரெஞ்சுக் கட்டடங்களும்தான் ஞாபகத்துக்கு வரும். நகரத்தை விட்டு மேற்கே பத்துக் கிலோமீட்டர் வந்துவிட்டால் அந்தப் புதுச்சேரி மறைந்துவிடும். ஏரி, மதகு, வாய்க்கால், நெல் வயல், கரும்பு, வாசலில் கட்டிய மாடு என்று விவசாயிகளின் புதுச்சேரி தொடங்கும். வில்லியனூர், பாகூர் கொம்யூன்கள் இந்தப் பக்கத்தைச் சேர்ந்தவை. உள்ளாட்சிக்காக பிரெஞ்சுக்காரர்கள் 1880-ல் கொண்டுவந்த பிரிவுதான் 'கொம்யூன்'. அவர்கள் போய் எழுபது ஆண்டுகள் ஆகியும், பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் அந்தச் சொல் அப்படியே இருக்கிறது.

இந்த ஏரிகளையும் ஊர்களையுமே பாடப்புத்தகமாக வைத்துத் தன் இரண்டு பிள்ளைகளுக்கும் வீட்டிலேயே படிப்புச் சொல்லித் தருகிறார், வில்லியனூர் பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த ஒரு தாய். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர். கணவருக்கு ஒன்றரைக் காணி நிலம், இரண்டு கறவை மாடு. மகளுக்கு பத்து வயது, மகனுக்கு ஏழு. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்த மாதங்களில் தொடங்கிய பழக்கம் இது. பள்ளிகள் திறந்த பிறகும் தொடர்கிறது. வாரத்தில் நான்கு நாள் வீட்டில் எழுத்து, கணக்கு, வாசிப்பு. ஒரு நாள் வெளியே. அந்த ஒரு நாளுக்கு அவர்கள் எடுத்துச் செல்வது ஒரு நோட்டு, இரண்டு பென்சில், தண்ணீர் பாட்டில், கட்டுச்சோறு. அத்துடன் ஒரு நைலான் கயிறு. கயிற்றின் நீளம் சரியாக 24 அடி. ஏன் 24 என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

ஊசுட்டேரியில் எண்ணிக்கை

மார்கழிக் காலை. ஆறரை மணிக்கு ஊசுட்டேரிக் கரையில் பனி இன்னும் விலகவில்லை. புதுச்சேரிப் பகுதியிலேயே பெரிய ஏரி இதுதான். சுமார் 800 ஹெக்டேர் பரப்பு. பாதி புதுச்சேரி எல்லைக்குள், மீதி தமிழ்நாட்டு எல்லைக்குள். சங்கராபரணி ஆற்றிலிருந்து சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக இதற்குத் தண்ணீர் வருகிறது. 2008-ல் புதுச்சேரி அரசு தன் பக்கத்தைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது.

தண்ணீரின் மேல் கறுப்புக் கறுப்பாக நாமக்கோழிக் கூட்டம். நடுநடுவே ஊசிவால் வாத்து. ஓரத்துச் சேற்றில் நத்தைக்குத்தி நாரையும் மஞ்சள்மூக்கு நாரையும். மரக்கிளையில் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருக்கிறது ஒரு நீர்க்காகம்.

"எத்தனை நாமக்கோழி இருக்கும், சொல்லு பாக்கலாம்."

"ஆயிரம்" என்கிறான் பையன், ஏரியைப் பார்க்காமலேயே.

"ஆயிரம்னா எப்படித் தெரியும்?"

தாய் ஒரு வழி சொல்லித் தருகிறார். கையை நேராக நீட்டி, முஷ்டியை மடக்கி ஒரு கண்ணை மூடிப் பார்க்க வேண்டும். ஒரு முஷ்டி எவ்வளவு இடத்தை மறைக்கிறதோ, அந்த இடத்தில் உள்ள பறவைகளை மட்டும் எண்ண வேண்டும். பிறகு கூட்டம் எத்தனை முஷ்டி அகலம் என்று பார்த்துப் பெருக்க வேண்டும். மகள் எண்ணியதில் ஒரு முஷ்டிக்கு 40 பறவை. கூட்டம் ஒன்பது முஷ்டி அகலம். 360 என்று நோட்டில் எழுதுகிறாள். தம்பிக்கு 290 வருகிறது. யார் சொன்னது சரி என்று சண்டை. "ரெண்டையும் எழுது. மூணு வாட்டி எண்ணி நடுவுல வர்றதை எடுத்துக்கலாம்" என்கிறார் தாய். பறவைக் கணக்கெடுப்புக்குப் போகிறவர்களும் பெருங்கூட்டத்தை இப்படிப் பகுதி பிரித்துத்தான் எண்ணுகிறார்கள். வயலில் ஒரு சதுர மீட்டரில் உள்ள கதிரை எண்ணி மொத்த விளைச்சலைக் கணிப்பதும் இதே கணக்குதான்.

ஊசிவால் வாத்து ஆசியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்து, குளிர் தொடங்கியதும் இமயமலையைத் தாண்டி இங்கே வருகிறது. நத்தைக்குத்தி நாரை நம் நாட்டுப் பறவை. அலகின் நடுவே இடைவெளி இருப்பதால் அதற்கு அந்த உருவம். நத்தையின் ஓட்டுக்குள் இருக்கும் சதையை உருவி எடுப்பதற்கு ஏற்ற அலகு.

"நம்ம கழனியில நாத்தைத் தின்ன நத்தையையா?" என்று கேட்கிறாள் மகள்.

"அதையும் தின்னும். அதனாலதான் உங்க அப்பா நாரை எறங்கினா வெரட்ட மாட்டார்."

கரையை விட்டு இறங்கும்போது பையனுக்கு ஒரு சந்தேகம். ஏரியில் பாதி தமிழ்நாடு என்றால், தண்ணீரில் கோடு எங்கே இருக்கிறது? கோடு காகிதத்தில்தான் இருக்கிறது. ஆனால் கரையை யார் பலப்படுத்துவது, ஆக்கிரமிப்பை யார் அகற்றுவது, மீன் குத்தகையை யார் விடுவது என்று வரும்போது அந்தக் காகிதக் கோடு தரைக்கு வந்துவிடும். ஏழு வயதுப் பிள்ளைக்கு அவ்வளவும் சொல்ல வேண்டியதில்லை. "தண்ணிக்குக் கோடு தெரியாது, ஆபீசுக்குத்தான் தெரியும்" என்று முடித்துக்கொள்கிறார் தாய்.

கயிற்றின் நீளம்

வில்லியனூர் வந்து திருக்காமீசுவரர் கோயில் தேரடிப் பக்கம் இட்லி. வைகாசியில் இந்தக் கோயில் தேரை ஆளுநரே வந்து வடம் பிடித்துத் தொடங்கி வைப்பார். பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலிருந்து வரும் வழக்கம் இது. அதே ஊரில் 1877-லிருந்து லூர்து மாதா வீற்றிருக்கும் திருத்தலமும் இருக்கிறது. தேர்த் திருவிழாவுக்கும் மாதா திருவிழாவுக்கும் சுற்றுவட்டார விவசாயிகள் பாகுபாடு பார்க்காமல் போய் வருவார்கள்.

கயிற்றுக்கான வேலை ஊருக்கு வெளியே உறவினர் ஒருவரின் கழனியில். பிள்ளைகள் கயிற்றை வரப்போடு சேர்த்து நீட்டிப் பிடிக்கிறார்கள். ஒரு பக்கம் 24 அடி, மறுபக்கம் 24 அடி. உள்ளே அடங்கும் 576 சதுர அடிதான் இந்தப் பக்கத்தில் ஒரு குழி. நூறு குழி ஒரு காணி. 57,600 சதுர அடி. ஏக்கரில் சொன்னால் ஒரு ஏக்கர் 32 சென்ட். குழி எல்லா ஊரிலும் ஒன்றல்ல. தஞ்சைப் பக்கம் போனால் அளவு மாறிவிடும். அதனால்தான் ஊர் விட்டு ஊர் நிலம் வாங்குகிறவர்கள் "எத்தனை அடிக் கோல் குழி?" என்று முதலில் கேட்க வேண்டும்.

புதுச்சேரி நில ஆவணத்தில் இன்னொரு கணக்கு இருக்கிறது. ஹெக்டேர், ஆர், சென்டியார். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன அளவு. ஒரு சென்டியார் என்றால் ஒரு சதுர மீட்டர். நூறு சென்டியார் ஒரு ஆர். நூறு ஆர் ஒரு ஹெக்டேர். ஒரு ஆர் சுமார் இரண்டரை சென்ட் வரும். ஆக, தாத்தா குழியில் பேசுவார், அப்பா சென்டில் பேசுவார், பத்திரம் ஆரில் பேசும். மூன்றும் ஒரே நிலம்.

"நம்ம ஒன்றரைக் காணி எத்தனை ஆர்?" என்று தாய் கேட்கிறார். மகள் வரப்பில் உட்கார்ந்து போடுகிறாள். 150 குழி. குழிக்கு 576 சதுர அடி வீதம் 86,400 சதுர அடி. ஒரு சதுர மீட்டருக்கு 10.76 சதுர அடி. வகுத்தால் 8,030 சதுர மீட்டர். 80 ஆரும் கொஞ்சமும். அன்று மாலை அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து பத்திரத்தோடு ஒத்துப் பார்ப்பதாகப் பேச்சு. பத்து வயதுப் பிள்ளை தன் வீட்டுப் பத்திரத்தைத் தானே படித்துக் கணக்குப் பார்ப்பது சின்ன விஷயம் அல்ல. கைரேகை வைத்து நிலம் இழந்த குடும்பங்கள் எந்த ஊரில் இல்லை?

கீழூரில் எட்டு ஓட்டு

அடுத்த பேருந்து சங்கராபரணியைத் தாண்டித் தெற்கே போகிறது. செஞ்சிப் பக்கத்து மலைகளில் பிறந்து வருவதால் இதற்குச் செஞ்சி ஆறு என்றும் பெயர். இந்தச் சுற்றுவட்டாரத்தில் புதுச்சேரி ஒரே துண்டாக இருப்பதில்லை. புதுச்சேரிக் கிராமங்களுக்கு நடுவே தமிழ்நாட்டுக் கிராமங்கள் புகுந்திருக்கும். 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் உள்ளூர் ஆட்சியாளர்களிடமிருந்து ஊர் ஊராகப் பெற்ற நிலம் இது. இடையில் ஆங்கிலேயர் கைக்குப் போய், 1816-ல் திரும்ப வந்தபோதும் துண்டு துண்டாகவே இருந்தது. கடைப் பலகையில் எந்த மாநிலத்தின் பெயர், நிற்கிற வண்டியில் என்ன எழுத்து என்று பிள்ளைகள் சன்னல் வழியே பார்த்துக்கொண்டே வருகிறார்கள். சமூக அறிவியலுக்கு வேறு வரைபடம் தேவைப்படவில்லை.

கீழூர் சிறிய ஊர். வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்தது. இங்குதான் 1954 அக்டோபர் 18 அன்று பிரெஞ்சு இந்தியப் பகுதிகளின் மக்கள் பிரதிநிதிகள் கூடி, இந்தியாவோடு சேர்வதா வேண்டாமா என்று வாக்களித்தார்கள். மொத்தம் 178 பேர். சேரலாம் என்று 170 ஓட்டு, வேண்டாம் என்று 8. நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல் முடிந்தது. கூடிய இடத்தில் நினைவு மண்டபம் இருக்கிறது.

"அந்த எட்டுப் பேரை என்ன பண்ணாங்க?" இது பையனின் கேள்வி.

"ஒண்ணும் பண்ணல. வேணாம்னு சொல்றதும் ஓட்டுதான்."

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்ப நான் இன்னிக்குப் புளிச்சோறு வேணாம்னு ஓட்டுப் போடுறேன்" என்றான். மூன்று பேரில் இரண்டு ஓட்டு புளிச்சோற்றுக்கு விழுந்தது. நினைவு மண்டபத்துக்கு வெளியே மர நிழலில் துவையலோடு சாப்பிட்டு முடித்தார்கள். தோற்றவன் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான்.

மூன்று ஊர் விளைச்சலில் ஒரு பள்ளி

பிற்பகல் பாகூர். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று இந்த ஊரைச் சொல்வார்கள். ஏரிக்குக் கீழே கண்ணுக்கெட்டிய வரை சம்பா கதிர் சாய்ந்திருக்கிறது. ஊருக்குள் மூலநாதர் கோயில். சோழர் காலக் கட்டுமானம். சுவர் நிறையக் கல்வெட்டு. மகள் விரலால் தொடாமல், காற்றில் எழுதிப் பார்த்து எழுத்துகளைத் தேடுகிறாள். 'க', 'ம', 'ட' என மூன்று நான்கு எழுத்து சிக்குகிறது. மற்றவை வேறு ஆள் எழுதியதுபோல் இருக்கின்றன. ஆயிரம் ஆண்டில் எழுத்தும் நடை மாறும் என்பதை இங்கே நின்று பார்த்தால் புரியும்.

பாகூருக்கு இதைவிடப் பழைய சாட்சி ஒன்று உண்டு. பிரெஞ்சு நீதிபதி ஒருவர் 1879-ல் கண்டெடுத்த பாகூர்ச் செப்பேடுகள். மொத்தம் ஐந்து ஏடு. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் எழுதப்பட்டவை. அதாவது 9-ஆம் நூற்றாண்டு. வடமொழியும் தமிழும் கலந்த அந்த ஏடுகள் சொல்வது இதுதான்: பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது கல்விச்சாலைக்கு, சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புணைச்சேரி என்ற மூன்று ஊர்களின் வருவாய் கொடையாக விடப்பட்டது.

தாய் இதைக் கதையாகவே சொல்கிறார். மூன்று ஊர் ஜனம் உழுது, நட்டு, அறுத்தார்கள். அந்த நெல்லில் அரசுக்குச் சேர வேண்டிய பங்கு இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. வாத்தியாருக்குச் சோறு, படிக்கிற பிள்ளைக்குச் சோறு.

"அப்ப அந்த மூணு ஊர்ல நாத்து நட்டவங்க பிள்ளைங்களும் இங்க வந்து படிச்சாங்களாம்மா?" என்று மகள் கேட்டாள்.

இல்லை. அந்தக் கல்விச்சாலை வேதமும் சாத்திரமும் கற்ற அந்தணர்களுக்கானது. செப்பேட்டில் ஊர்களின் எல்லை இருக்கிறது. நிலத்தில் யாருக்கு என்ன உரிமை என்பது இருக்கிறது. உழுதவர் பிள்ளை படித்ததாக ஒரு வரி இல்லை. விளைச்சல் பள்ளிக்குப் போனது. விளைவித்தவர் பிள்ளை கழனியில் நின்றது. தாய் அதை மறைக்காமல் சொன்னார். மகள் நோட்டில் மூன்று ஊர்ப் பெயரை எழுதிவிட்டு, பக்கத்தில் வேறு எதுவும் எழுதவில்லை.

பங்காரு வாய்க்காலின் தண்ணீர்

பாகூர் ஏரி, ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி. தென்பெண்ணை ஆற்றில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் இதற்குத் தண்ணீர் கொண்டுவருகிறது. பங்காரி, சிங்காரி என்ற இரண்டு தேவதாசிப் பெண்கள் தங்கள் பொருளைச் செலவழித்து வாய்க்கால் வெட்டுவித்தார்கள் என்பது இங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை. மன்னர் பெயர் தாங்கிய ஏரி, வாய்க்கால் எத்தனையோ உண்டு. பெண் பெயரில் ஓடும் தண்ணீர் அபூர்வம்.

மதகுக்குக் கீழே உள்ள சிறு வாய்க்காலில் கடைசிப் பாடம். பெரிய வாய்க்கால் பக்கமோ ஏரிக்குள்ளோ பிள்ளைகளை இறக்குவதில்லை என்பது தாய் வைத்திருக்கும் சட்டம். முழங்காலுக்குக் கீழே தண்ணீர் ஓடும் இடம் என்றால் மட்டும் சரி. 24 அடிக் கயிற்றைக் கரையோரம் நீட்டி வைத்து, மேல் முனையில் ஒரு பூவரச இலையைப் போடுகிறான் பையன். கீழ் முனைக்கு வர 16 விநாடி. அப்படியென்றால் விநாடிக்கு ஒன்றரை அடி. வாய்க்காலின் அகலம் இரண்டடி, ஆழம் அரையடி. பெருக்கினால் ஒரு சதுர அடி. ஆக, விநாடிக்கு ஒன்றரைக் கன அடித் தண்ணீர். ஒரு கன அடி 28 லிட்டர் என்றால் 42 லிட்டர். மேல் மட்டத்துத் தண்ணீர் வேகமாக ஓடும், அடியில் மெதுவாக ஓடும். அதனால் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிட வேண்டும். சுமார் 34 லிட்டர்.

பக்கத்தில் மண்வெட்டியோடு நின்ற பெரியவர் ஒருவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க காலத்துல இந்தக் கணக்கைக் காலாலயே பாத்துடுவோம். கணுக்கால்ல தண்ணி தட்டுற வேகத்துல தெரியும், விடியறதுக்குள்ள எத்தனை குழி நனையும்னு" என்றார். பிறகு மதகைக் காட்டினார். தூர் வாருவதற்கு வீட்டுக்கு ஓர் ஆள் வந்த காலம், முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சிய காலம், போர்வெல் வந்ததும் ஆளுக்கு ஆள் மோட்டாரைப் போட்டுக்கொண்டு ஏரியைத் திரும்பிப் பார்க்காமல் போன காலம் என்று எல்லாவற்றையும் சொன்னார். "மோட்டார் போட்டவன் ஏரியை மறந்தான். ஏரி மறந்தா கெணறு வத்தும். இதை எந்தப் பொஸ்தகத்துல போட்டிருக்கான், எழுதிக்க பாப்பா."

மகள் எழுதிக்கொண்டாள். ஏரியில் தேங்கும் தண்ணீர்தான் மண்ணுக்குள் இறங்கிச் சுற்றுவட்டாரக் கிணறுகளுக்கு ஊறுகிறது. கடல் பக்கமுள்ள பாகூர் கொம்யூனுக்கு இது இன்னும் முக்கியம். நிலத்தடி நல்ல தண்ணீர் குறைந்தால், அந்த இடத்துக்குக் கடலின் உப்புத் தண்ணீர் ஏறும். புதுச்சேரிப் பகுதியில் இருக்கும் 84 ஏரிகளைச் சீரமைக்க ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 1999-ல் ஒரு திட்டம் தொடங்கி நடந்தது. ஏரிச் சங்கங்களும் அமைக்கப்பட்டன. ஆனால் கரை கட்டுவது ஒரு முறை செலவு. மதகின் பெயரும் வாய்க்காலின் போக்கும் தெரிந்த ஆள் ஊரில் இருப்பதுதான் ஆண்டாண்டுக்கும் தேவை. அந்தப் பெரியவருக்குப் பிறகு அந்த ஆள் யார்?

ஆயாவின் கேள்வி

வீடு திரும்ப ஏழு மணி. பத்திரம் எடுத்துப் பார்த்தாகிவிட்டது. 80 ஆர் 20 சென்டியார். மகளின் கணக்குக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அவளுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆயாவுக்கு இதில் பாதி சந்தோஷம்தான்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நான் ஒண்ணு கேக்கறேன். இதே பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் நான் நடவுக்குப் போனேன். உள்ள உக்காந்து பாட்டுப் படிக்கிற சத்தம் கேக்கும். ஒரு நாள்கூட உள்ள போனதில்ல. எங்கப்பன் அனுப்பல. இன்னிக்கு வா வான்னு கூப்புட்டு, பொஸ்தகம் குடுத்து, சோறும் போடறான். நீ அந்த வாசலைத் தாண்டிக் கழனிக்குக் கூட்டிக்கினு போறியே, அது எப்படி நாயம்?"

மருமகளிடம் இதற்கு உடனே பதில் இல்லை. ஆயா சொன்னதும் மகள் பாகூரில் கேட்டதும் ஒரே கேள்விதான். மூன்று ஊர் நெல்லால் நடந்த பள்ளிக்குள் அந்த ஊர்ப் பிள்ளைகள் போக முடியவில்லை. அந்தக் கதவு திறக்க ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆனது. திறந்த கதவை விவசாயக் குடும்பமே தன் பக்கத்திலிருந்து சாத்திவிட்டால் நஷ்டம் யாருக்கு? பெண் பிள்ளை என்றால் நஷ்டம் இன்னும் கூடும். வீட்டில் இருக்கிற பெண், நாளைக்கு வீட்டு வேலைக்கு என்று ஆகிவிட வெகு நேரம் பிடிக்காது. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனாலோ, நடவு நெருக்கினாலோ, முதலில் நிற்பது படிப்புதான். இந்தக் கார்த்திகையில் அப்படி மூன்று வாரம் நின்றும் போயிருக்கிறது.

அதே நேரம், ஏரியில் எண்ணிய பறவையும், கயிற்றால் அளந்த குழியும், இலை விட்டுப் பார்த்த தண்ணீரும் வகுப்பறைக்குள் தானாக வந்துவிடாது. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியர் மதகுக்கு எத்தனை நாள் கூட்டிப் போக முடியும்? அது பெற்றோர் வேலை.

சாப்பாட்டுக்குப் பிறகு புருஷன், பெண்சாதி, ஆயா மூவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். வரும் ஜூனில் மகள் ஊர் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்புச் சேருகிறாள். மகன் அவளோடு சேர்ந்து போவானா, இன்னும் ஓர் ஆண்டு வீட்டில் இருப்பானா என்பது அப்புறம். வெளியே போகும் நாள் மட்டும் நிற்காது. வாரநாளுக்குப் பதில் ஞாயிற்றுக்கிழமை.

"கயிறு?" என்றான் பையன்.

"கயிறும்தான்."

வாசகர்களுக்கு எழக்கூடிய கேள்விகள்

*பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறதா?*

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வி தர வேண்டும் என்று அரசுக்குக் கடமை வைக்கிறது. அருகில் உள்ள பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10-ஆம் பிரிவு சொல்கிறது. மீறினால் பெற்றோருக்குத் தண்டனை என்று அந்தச் சட்டத்தில் இல்லை. வீட்டுக் கல்வியை ஒரு முறையாக அது பெயர் சொல்லி ஏற்கவும் இல்லை. இதை அறிந்துகொண்டுதான் முடிவெடுக்க வேண்டும்.

*இடையில் நின்ற பிள்ளை, வீட்டில் படித்த பிள்ளை மறுபடி பள்ளியில் சேர முடியுமா?*

முடியும். வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதைப் பிடிக்கச் சிறப்புப் பயிற்சியும் தர வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு. பிறந்த தேதிச் சான்று கையில் இல்லை என்பதற்காகப் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது.

*பள்ளிக்கே போகாமல் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாமா?*

1989-ல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் மூலம் எழுதலாம். 14 வயது நிறைந்திருக்க வேண்டும். தமிழிலும் எழுதலாம். ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு நடக்கும். ஐந்து ஆண்டுக்குள் ஒவ்வொரு பாடமாக எழுதி முடிக்கவும் வசதி உண்டு. பாதியில் படிப்பை நிறுத்திய பெரியவர்களும், கழனி வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைப்பவர்களும் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

*எங்கள் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன செய்யலாம்?*

முதல் வாரம் உங்கள் ஊர் ஏரிக்குப் போங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கலங்கல் வழியே எங்கே போகிறது என்று நடந்து பார்த்து, பிள்ளையை விட்டுப் படம் போடச் சொல்லுங்கள். அடுத்த வாரம் உங்கள் பக்கத்துக் குழி அளவுக்குக் கயிறு வெட்டி நிலத்தை அளக்கச் சொல்லி, பத்திரத்தோடு ஒத்துப் பாருங்கள். மூன்றாவது வாரம் வயலில் இறங்கும் பறவைகளை எண்ணி, எது பூச்சியைத் தின்கிறது, எது தானியத்தைத் தின்கிறது என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். நான்காவது வாரம் ஊரில் மதகு திறக்கத் தெரிந்த மூத்தவர் ஒருவரைத் தேடிப் போய், அவர் பேசுவதைப் பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும். அதை முதலில் செய்தாலும் தவறில்லை. ஏரி அடுத்த வாரமும் இருக்கும். வயதான அந்த மனிதர் அப்படிக் காத்திருக்க முடியாது.